கல்லூரி ஆசிரியர் விருதுக்கு எப்படித் தேர்வு செய்கிறார்கள்? விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் கல்லூரியில் இளங்கலை வகுப்புகளுக்கான சிறந்த ஆசிரியர் விருதுக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் ஆண்டு வந்த கோப்புகளில் ஒன்று கணிதத் துறை ஆசிரியை ஒருவருடையது. மணி அடித்த பிறகும் அவர் வகுப்பில் பத்துப் பேராவது கரும்பலகையைச் சுற்றி நின்றுகொண்டிருப்பார்கள். அரியர் வைத்திருக்கும் பையன்கள் சனிக்கிழமை காலையில் அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஆனால் அவர் கொடுத்த கோப்பில் இருந்தவை கருத்தரங்கச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல், எஃப்.டி.பி. எனப்படும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிச் சான்றிதழ்கள், ஐந்து வருடத் தேர்ச்சி விழுக்காடு, முதல்வர் எழுதிய ஒரு பக்கப் பாராட்டுக் கடிதம். கரும்பலகையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. குழுவில் வெளியிலிருந்து வந்த இரண்டு பேருக்கு அவரை யாரென்றே தெரியாது. அவர்கள் முன்னால் இருந்தது தாள் மட்டும்தான். விருது வேறொருவருக்குப் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்கு மனது ஆறவில்லை.

நல்ல ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் விருதைத் தவறவிடுகிறார்கள். நடுவர்கள் உங்கள் வகுப்புக்கு வந்து உட்காரப் போவதில்லை. வகுப்பில் நடந்ததை அவர்கள் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை உங்களுடையது. அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எந்த விருது என்று பாருங்கள்

ஆசிரியர் விருது என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது நல்லாசிரியர் விருது. அது பள்ளி ஆசிரியர்களுக்கு. மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருதும் வெகுகாலம் பள்ளி ஆசிரியர்களுக்குத்தான் கிடைத்துவந்தது. 2023இல்தான் கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் அதில் தனிப் பிரிவு வந்தது. செப்டம்பர் 5 அன்று புது தில்லியில் குடியரசுத் தலைவர் கையால் சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய்.

தகுதி நிபந்தனைகள் சிறியவை, ஆனால் கறாரானவை. நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். இளங்கலை அல்லது முதுகலை வகுப்புகளில் குறைந்தது ஐந்து ஆண்டு முழுநேரக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். வயது 55ஐத் தாண்டக் கூடாது. துணைவேந்தர், இயக்குநர், முதல்வர் பொறுப்பில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. பெயரை நீங்களே கொடுக்கலாம், கல்லூரி கொடுக்கலாம், சக ஆசிரியரும் கொடுக்கலாம். எல்லாம் மத்திய அரசின் விருதுகள் இணையதளம் வழியாகத்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிக்கையை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலை வகுப்புகளின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தரப் பணி என்ற ஒற்றை நிபந்தனையால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். இது சரியில்லை. கல்லூரி அளவில் விருது வைத்திருப்பவர்களாவது அவர்களுக்கும் சேர்த்துத் திறந்து வையுங்கள். உங்கள் கல்லூரியின் விதியை மாற்ற மத்திய அரசைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தத் தேசிய விருதை 35 பேருக்கு வரை கொடுக்கலாம் என்றிருந்தும் 2023இல் 13 பேருக்கும் 2024இல் 16 பேருக்கும்தான் கிடைத்தது. ஆகவே மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்ற கணக்கில் எழுதாதீர்கள். கோப்பு தன் காலிலேயே நிற்க வேண்டும்.

நடுவர்கள் எதை அளக்கிறார்கள்?

தேசிய விருதில் இரண்டு கட்டம். முதலில் தேடிச் சலித்தெடுக்கும் குழு ஒன்று பெயர்களைச் சுருக்கும். பிறகு நடுவர் குழு அந்தச் சுருக்கப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும். கற்பித்தலின் பலன், வகுப்புக்கு வெளியே சமூகத்துக்குச் செய்தது, வேலையில் உள்ள புதுமை ஆகியவையே அடிப்படை என்று 2023இல் அமைச்சகம் சொன்னது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 'கற்பித்தலின் பலன்' என்றால் என்ன? இதைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனின் தேசியக் கற்பித்தல் விருதைப் பார்ப்பது எனக்கு மிகவும் உதவியது. 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் திட்டம் அது. மூன்றே அளவுகோல், மூன்றுக்கும் சம மதிப்பெண். முதலாவது, உங்கள் மாணவர்களிடம் நீங்கள் கொண்டுவந்த மாற்றம். இரண்டாவது, சக ஆசிரியர்களும் நன்றாகக் கற்பிக்க நீங்கள் செய்த உதவி. மூன்றாவது, உங்களை நீங்களே வளர்த்துக்கொண்ட விதம். ஒவ்வொன்றிலும் அவர்கள் தேடுவது மூன்று விஷயங்கள்: எத்தனை பேரை எட்டியது, அவர்களுக்கு என்ன பயன், அதனால் எது மாறியது.

கனடாவில் 1986இல் தொடங்கிய த்ரீ எம் தேசியக் கற்பித்தல் விருதும் இதே வழிதான். வகுப்பில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் வகுப்பைத் தாண்டிக் கல்வியில் ஒரு தலைமைப் பங்கும் வேண்டும் என்பார்கள்.

நம்மில் பலர் முதல் அளவுகோலோடு நின்றுவிடுகிறோம். 'நான் நன்றாக நடத்துகிறேன்' என்பதை மட்டும் பத்து விதமாக எழுதுகிறோம். நீங்கள் தயாரித்த பயிற்சித் தாளைப் பக்கத்து செக்‌ஷன் ஆசிரியர் வாங்கிப் பயன்படுத்தினாரா? அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்னொரு கல்லூரிக்காரர் உங்கள் லேப் முறையைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாரா? அந்த மின்னஞ்சலை எடுத்து வையுங்கள்.

சான்று சேர்ப்பது: வேலையில் பாதி இதுதான்

கோப்புகளில் பெரும்பாலும் வருவது இரண்டு. தேர்ச்சி விழுக்காடு, மாணவர் ஃபீட்பேக். இரண்டையும் அனுபவமுள்ள நடுவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

தேர்ச்சி விழுக்காடு, உள்ளே வந்த மாணவர்களைப் பொறுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 90 விழுக்காடு வாங்கியவர்களை வைத்து நூற்றுக்கு நூறு பாஸ் காட்டுவதும், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து மிரண்டுபோன பிள்ளைகளை வைத்து 70 விழுக்காடு காட்டுவதும் ஒன்றாகுமா? எண்ணை மட்டும் கொடுத்தால் நடுவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் விழுக்காட்டைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அந்த மாணவர்கள் யார், எத்தனை பேர் முதல் தலைமுறை, எத்தனை பேர் தமிழ் வழி, அதே தாளில் முந்தைய ஆண்டுகளில் நிலைமை என்ன என்பதையும் பக்கத்தில் கொடுங்கள்.

ஃபீட்பேக் விஷயம் இன்னும் சிக்கலானது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில்தான் ஆசிரியர்களிடம் பிரித்து விடுவார்கள். அங்கே கிடைத்த தரவுகளை வைத்து கேரல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், ஆசிரியருக்கும் நல்ல ஃபீட்பேக் கொடுத்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த மேல்நிலைப் பாடங்களில், அனுபவசாலிகளிடம் படித்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வும் இதே மாதிரி ஒன்றைக் காட்டியது. மாணவர்களைக் கணக்குப் போடவைத்து, பேசவைத்து நடத்திய வகுப்பில் அவர்கள் அதிகம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அழகான விரிவுரை கேட்டவர்களுக்குத்தான் 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்ற எண்ணம் இருந்தது. அமெரிக்காவில் ஓர் இணையவழிப் பாடத்தில் செய்து 2015இல் வெளியான சோதனையில், அதே ஆசிரியரை ஆண் என்று நினைத்த மாணவர்கள் அதிக மதிப்பெண்ணும், பெண் என்று நினைத்தவர்கள் குறைவாகவும் கொடுத்தார்கள்.

இதனால் ஃபீட்பேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 5க்கு 4.6 என்ற சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள் என்கிறேன். மாணவர் எழுதிய ஒரு குறையை எடுத்து, அதற்காக அடுத்த செமஸ்டரில் நீங்கள் என்ன மாற்றினீர்கள், மாற்றியபின் என்ன ஆயிற்று என்று காட்டினால் அந்தப் பக்கத்தை நடுவர் நின்று படிப்பார்.

அப்படியென்றால் நம்பத்தக்க சான்று எது? எனக்குத் தெரிந்தவரை மிக வலுவானது, முன்னும் பின்னும் வைக்கிற ஒரே சோதனை. நான் இயற்பியல் நடத்துகிறேன். முதலாண்டு முதல் வகுப்பில், பாடம் எதுவும் தொடங்குவதற்கு முன், பத்துக் கேள்வி கொண்ட அரைத்தாள் கொடுப்பேன். கணக்கீடு கிடையாது, கருத்து மட்டும்தான். அதில் ஒரு கேள்வி: நாணயத்தை மேலே சுண்டுகிறோம். அது கையை விட்டுக் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அப்போது அதன்மேல் செயல்படும் விசைகள் எவை?

பாதி வகுப்புக்கு மேல் எழுதும் பதில் இப்படி இருக்கும்: 'கை கொடுத்த விசை மேலே தள்ளுகிறது, அது குறையக் குறைய நாணயம் நின்று திரும்புகிறது.' பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். நவம்பரில் அதே தாளைத் திரும்பக் கொடுப்பேன். ஒரு மாணவியின் இரண்டாம் தாளில் இருந்தது: 'கை விட்டதும் கையின் விசை முடிந்தது. மிச்சம் இருப்பது வேகம்தான். விசை கீழ்நோக்கி மட்டும்.' அந்த இரண்டு தாளையும் பெயரை மறைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்தேன். என் கோப்பில் அதைவிடப் பேசிய பக்கம் வேறு இல்லை.

எண்ணாகவும் காட்டலாம். மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறுதிச் சராசரியிலிருந்து முதல் சராசரியைக் கழியுங்கள். நூறிலிருந்து முதல் சராசரியைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாம் விடையால் வகுங்கள். வகுப்பு 30இல் தொடங்கி 58இல் முடிந்தால், 28ஐ 70ஆல் வகுக்க 0.4 வரும். முன்னேற இருந்த இடத்தில் பத்தில் நான்கு பங்கு முன்னேறியிருக்கிறார்கள் என்று பொருள். இப்படிக் கணக்கிட்டால், நல்ல மாணவர்கள் உள்ள வகுப்பையும் தடுமாறும் மாணவர்கள் உள்ள வகுப்பையும் ஓரளவு நியாயமாக ஒப்பிடலாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 62 பாட வகுப்புகளில் 6,542 மாணவர்களை இப்படி அளந்து 1998இல் வெளியிட்டார். வெறும் விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23. மாணவர்கள் தாங்களே செய்தும் பேசியும் கற்கும் வகுப்புகளில் 0.48. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் எண் எங்கே நிற்கிறது என்று நடுவரிடம் சொல்ல முடியும்.

தமிழ், வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் ஒரே மாணவர் ஜூனில் எழுதிய பத்தியையும் மார்ச்சில் எழுதிய பத்தியையும் வைக்கலாம். திருத்தும்போது நீங்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு வையுங்கள். உங்கள் சிவப்பு மையில்தான் உங்கள் கற்பித்தல் தெரியும்.

ஒன்றில் கவனம் வேண்டும். நன்றாக வந்த மூன்று பேரை மட்டும் பொறுக்கி எடுத்து வைக்காதீர்கள். முன்னேறாத ஒருவரின் தாளையும் வைத்து, ஏன் முடியவில்லை, என்ன முயன்றீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். கோப்பின் மேல் நடுவருக்கு நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான்.

காலக்கணக்கு

அறிவிக்கை வந்தபிறகு தொடங்கினால் சான்றிதழ்களைத்தான் தேட முடியும். சோதனைத் தாளை ஜூனிலேயே வாங்கியிருக்க வேண்டும். ஆகவே விருதுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டு கல்வியாண்டு முன்னால் தொடங்குங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்காக எப்படியும் ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல் வைத்திருப்பீர்கள். அதிலேயே ஒரு தனி உறை போட்டு, வாரத்துக்கு ஒரு தாள் போட்டு வந்தால் போதும். வெள்ளிக்கிழமை மாலை கால்மணி நேரம். இந்த வாரம் வகுப்பில் என்ன எடுபட்டது, என்ன எடுபடவில்லை, அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று மூன்று வரி. இரண்டு வருடத்தில் உங்களிடம் இருப்பது வேறு யாராலும் போலியாக உண்டாக்க முடியாத ஒரு பதிவு.

செமஸ்டருக்கு ஒரு முறை சக ஆசிரியர் ஒருவரை உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். நம் கல்லூரிகளில் இந்தப் பழக்கம் குறைவு. துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) வந்தாலே சோதனை போடுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். நட்பாக ஒருவர் வந்து, யார் பேசினார்கள், கடைசி பெஞ்சு என்ன செய்தது, எந்த நிமிடத்தில் வகுப்பு தொலைந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அதன் மதிப்பு அதிகம். பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்புக்குப் போங்கள்.

எழுதுவது

சரி, சான்று சேர்ந்துவிட்டது. இனி விளக்கவுரை. 'புதுமையான கற்பித்தல் உத்திகளைக் கையாண்டு மாணவர்களின் ஆளுமையை மேம்படுத்தி வருகிறேன்' என்ற மாதிரி வாக்கியத்தை எந்தப் பெயரின் கீழும் போடலாம். அதனால் அது யாரையும் காட்டுவதில்லை.

அதே ஆசிரியர் இப்படி எழுதலாம்: 'பி.காம். முதலாண்டில் 62 பேர். அவர்களில் பாதிப் பேருக்குப் பற்று வரவு எந்தப் பக்கம் என்பதிலேயே குழப்பம். முதல் இரண்டு வாரம் பாடநூலைத் தொடவில்லை. ஒவ்வொருவரும் தன் தெருவில் உள்ள ஒரு கடைக்குப் போய் ஒரு நாள் வரவு செலவை எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த நோட்டுகளை வைத்தே பேரேடு போட்டோம். இன்டர்னல் தேர்வில் அந்தப் பகுதியில் தவறியவர்கள் ஏழு பேர். அவர்களுக்காக…' இங்கே இடம் தெரிகிறது, சிக்கல் தெரிகிறது, செய்தது தெரிகிறது, என்ன ஆனது என்பதும் தெரிகிறது. இந்த வரிசை போதும்.

மூன்று அல்லது நான்கு கதைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எந்த இணைப்பில் சான்று இருக்கிறது என்று எண் போடுங்கள். நடுவர் ஒரே நாளில் பல கோப்புகள் படிக்கிறார். தேடவைத்தால் விட்டுவிடுவார். நான் அப்படி விட்டதுண்டு, அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

சமூகப் பணி பகுதியில் என்.எஸ்.எஸ். முகாம்களின் பட்டியலைக் கொட்டாதீர்கள். பாடத்தோடு தொடர்புள்ள ஒன்றை எடுத்து விரித்து எழுதுங்கள். வேதியியல் மாணவர்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்து முடிவைப் பஞ்சாயத்தில் கொடுத்தார்கள் என்றால், அது கற்பித்தலும் சமூகப் பணியும் ஒருசேர நிற்கும் இடம்.

கடிதங்கள்

பதவியில் பெரியவர் எழுதிய பொதுவான கடிதத்தைவிட, ஐந்து வருடம் முன் படித்த மாணவர் எழுதிய குறிப்பான கடிதம் மேல். கேட்கும்போது 'என்னைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுப்பா' என்று கேட்காதீர்கள். 'நம் வகுப்பில் படித்தது எதையாவது இப்போது வேலையில் பயன்படுத்துகிறாயா, நினைவிருந்தால் எழுது, இல்லையென்றாலும் பரவாயில்லை' என்று கேளுங்கள். இப்போது உங்களிடம் படித்துக்கொண்டிருக்கும் மாணவரிடம் கடிதம் கேட்கவே வேண்டாம். இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் மறுக்க முடியாது.

குழுவில் உட்காருபவர்களுக்கு

கோப்புகளை அவரவர் தனியாகப் படித்து மதிப்பெண் போட்டு முடித்த பிறகு கூடுங்கள். முதலில் பேச்சு, பிறகு மதிப்பெண் என்றால் மூத்தவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே முடிவாகிவிடும். தன் துறைக்காரர் கோப்பு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். 12 பேர் உள்ள விருப்பப் பாடத்தையும் 70 பேர் உள்ள பொதுத் தமிழ் வகுப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கைக்குக் கற்பித்தல் விருதில் தனி மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால் அதை அறிவிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு போடுவதுதான் பல கல்லூரிகளில் நடக்கிறது.

கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். எங்கள் குழுவில் இதைக் கொண்டுவரக் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

நேர்காணல் இருந்தால்

எல்லா விருதுக்கும் இருக்காது. இருந்தால் அநேகமாக வரும் கேள்வி, 'நீங்கள் முயன்று தோற்றது எது?' என்பது. யோசித்து வையுங்கள். இன்னொன்று, 'உங்கள் முறையை வேறு கல்லூரியில், பாதிச் சம்பளத்தில், இரண்டு மடங்கு மாணவர்களோடு ஒருவர் செய்ய முடியுமா?' ஸ்லைடுகளை நம்பாதீர்கள். மாணவரின் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள். கணித ஆசிரியைக்கும் அந்த அரைப்பக்கக் குறிப்பைக் கொடுத்தோம். அடுத்த ஜூனில் முதல் வகுப்பிலேயே அவர் பின்னங்கள் பற்றிப் பத்துக் கேள்வி கொடுத்திருக்கிறார். 58 தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு, மேலே தேதி எழுதி, ஸ்டாஃப் ரூம் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. பக்கத்தில் சனிக்கிழமைகளுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் வந்தார்கள், எந்தக் கணக்கில் நின்றார்கள் என்று அதில் எழுதி வருகிறார்.